ஜெமீலாவிடம் வாங்கிய தாச்சி

மனாமா, பஹ்ரேன்
16.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி ராசம்மா எழுதுவது. முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அத்தானும் மகன் தவமும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் திரௌபதை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

இங்கே நோன்பு முடிந்து பெருநாளும் போய்விட்டது. ஒரு மாதமாக அடுப்படியிலேயே குடியிருந்தேன். மேடம் பம்பாய்க்காரி அல்லவா, நோன்பு திறக்க மால்புவா என்றொரு பலகாரம் கட்டாயம் வேண்டும். தோசையைப் பாகுக்குள் தள்ளி விழுத்தினால் எப்படி, அப்படி. ஆனால் அக்கா, வாயில் வைத்தால் பேச்சு வராது. தவம் சின்ன வயதில் சீனிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிவானே, அவனை நினைத்துக்கொண்டே சுட்டேன். செய்து கொடுங்கள்.

கோதுமை மா இரண்டு கோப்பை, ரவை ஒரு கைப்பிடி, பால்மாவைக் கெட்டியாகக் கரைத்த பால், முட்டை இரண்டு. பெருஞ்சீரகமும் ஏலக்காயும் இடித்துப் போடுங்கள். தோசைமாவைவிடக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள். தாச்சியில் எண்ணெயை அளவாக விட்டு ஓர் அகப்பை ஊற்றினால் அதுவே வட்டமாகப் பரவும், தொடவேண்டாம். ஓரம் முறுகி நடு மெத்தென்று வந்ததும் எடுத்து, இளஞ்சூட்டுச் சீனிப் பாகில் புரட்டி எடுத்துவிட வேண்டும். பாகு விரலில் ஒட்டினால் போதும். அதை ஊறவிட்டுவிட்டு வேலிக்கரையில் கதைக்கப் போனீர்களோ, களிதான் கிண்டலாம்.

இன்னொரு விஷயம். மேடத்தின் மனுசனுடைய கடைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். தவத்தைச் சொல்லியிருக்கிறேன். விசா இரண்டு மாதத்தில் வரும். பாஸ்போட் எடுக்க அவனைக் கொழும்புக்கு அனுப்புங்கள். கடலுக்குப் போக நேவியிடம் ஒரு பாஸ், வர ஒரு பாஸ் என்று எத்தனை நாள் கரையில் குந்திக்கொண்டிருப்பான்? எனக்குப் பிள்ளையும் இல்லை, மனுசனும் போய்விட்டார். அவன் என் கண்முன்னால் இருந்தால் எனக்கும் ஆறுதல்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் புளுதிவயல் ரம்ஸியா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
ராசம்மா


உடப்பு
20.03.1997

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு. குந்தியிருந்து நிலம் துடைக்காமல், தடி வைத்த துடைப்பம் வாங்கித் தரச் சொல்லு. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே.

உன் பலகாரத்தின் பெயர் இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'சின்னம்மாப் பணியாரம்' என்று தவம் பெயர் வைத்துவிட்டான். முட்டை எதற்கு, மா இல்லையா என்று கெட்டித்தனம் பண்ணி முதல் ஈடு முட்டை இல்லாமல் சுட்டேன். பாகில் விழுந்ததும் கந்தலாகிவிட்டது. பிறகு ஜெமீலாவிடம் முட்டை வாங்கி நீ சொன்னபடி செய்தேன். அவள் முசலியிலிருந்து ஓடிவந்து அகதி முகாமில் இருப்பவள். கோழி வளர்த்து முட்டை கொண்டுவந்து விற்பாள். தவம் ஒன்பது தின்றான். "இனிப்பு ஆம்பிளையளுக்கு என்னத்துக்கு" என்ற உன் அத்தான், நான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து இரண்டை முடித்திருக்கிறார்.

தவம் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறான். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நிற்பான். அத்தானுக்கு இதில் மனமில்லை, வடக்கில் பிறந்த பெடியன்களைச் சோதனையில் பிடிக்கிறார்கள் என்று பயம். நாங்கள் அந்த வருடம் வலை இழுக்க முல்லைத்தீவுக் கரைக்குப் போய்க் குடிசை போட்டு வாடி அடித்திருந்தபோது பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். அடையாள அட்டையில் பிறந்த இடம் முல்லைத்தீவு என்றுதான் இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தானே பிறந்தார்கள், இதற்கெல்லாம் பயந்தால் முடியுமா என்று அவருடைய வாயை நான்தான் அடைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
செல்லாச்சி


மனாமா
24.04.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகந்தானே?

விசா வந்துவிட்டது! கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தவத்துக்கு லொட்ஜ் விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பட்டணத்தைக் கண்டதும் சின்னம்மாவை மறந்துவிட்டானா? அவன் காதைத் திருகி எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு மேலங்கி வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே கடைக்குள் ஏசி போட்டால் நம் ஆட்களுக்கு நடுங்கும்.

உடனே பதில் போடுங்கள்.

ராசம்மா


உடப்பு
14.05.1997

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமையாகிறது. எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருந்துவிட்டேன்.

தவத்தைப் பிடித்துவிட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு நாலு நாள் கழித்து, விடியவே பொலிஸும் ஆமியும் லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எட்டுப் பேரை விட்டுவிட்டார்கள். நம்முடையவனின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறான், முல்லைத்தீவு என்று கிடந்திருக்கிறது. அப்பா அம்மா தொழிலுக்குப் போன இடத்தில் பிறந்தேன், ஊர் உடப்பு என்று சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறான். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று அதற்கும் ஒரு கேள்வி கேட்டார்களாம்.

இரண்டு கிழமையாக எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. பிறகு செஞ்சிலுவைக்காரர் வந்து கொழும்பு மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறான் என்று சொன்னார்கள். 'உயிரோடு' என்ற சொல்லை அவர்கள் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அத்தான் அம்மன் வாசலில் நேர்ந்துவிட்டார். வருகிற ஆடியில் காப்புக் கட்டித் தீ மிதிப்பார். கொடியேறினால் பதினெட்டு நாளும் மீனோ முட்டையோ எங்கள் வாசலை மிதிக்காது. சுத்தமாக இருந்து இறங்கினால் அம்மன் பிள்ளையைத் தருவாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரு நினைப்பில்தான் அவர் சாப்பிடுகிறார், நடமாடுகிறார்.

உனக்குச் சுகம் வேண்டுகிறேன்.

அக்கா


மனாமா
15.06.1997

என் அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை. உங்கள் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. ராசம்மா, நீ கூப்பிட்டதால்தான் என்று ஒரு வரி எழுதியிருப்பீர்களா என்று தேடித் தேடி வாசித்தேன். இல்லை. எழுதியிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

நான் கூப்பிடாவிட்டால் அவன் கொழும்புக்குப் போயிருக்க மாட்டான். இதை நானே எழுதிவிடுகிறேன்.

மறியலுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க விடுவார்களாம், ரம்ஸியா சொன்னாள். பார்க்கக் கிடைத்தால் அவனுக்கு மால்புவா செய்துகொண்டு போங்கள். பஸ்ஸில் குலுங்கினாலும் உடையாமல் இருக்க ஒரு முட்டை கூடப் போடுங்கள். அது சின்னம்மா கொடுத்தது என்று அவனிடம் சொல்லுங்கள்.

மேலங்கி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ராசம்மா


உடப்பு
20.08.1997

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் கொடியேறிய மறுநாள்தான் கிடைத்தது. அடுத்த கிழமை மறியலில் பார்க்க அனுமதியும் வந்தது, தீ மிதிப்புக்கு நாலு நாள் முன்பு. போய்ப் பார்த்தோம். மெலிந்திருக்கிறான், ஆனால் சிரித்தான். நீ சொன்ன பணியாரம் கொண்டுபோனோம், உடையாமல் போய்ச் சேர்ந்தது. செப்டெம்பரில் வழக்கு.

அத்தான் தீ மிதித்தார். காலில் சின்னக் காயம், மருந்து போடுகிறோம். ஜெமீலா தன் தாச்சியைக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டாள். வேறு விசேடம் இல்லை.

அக்கா


மனாமா
18.09.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமென்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுகத்தைத்தான் கேட்கப்போகிறேன், மறைக்காமல் எழுதுங்கள்.

ரம்ஸியா லீவு முடிந்து வந்தாள். நம் ஊர்ச் சந்தியில் அத்தானைக் கண்டாளாம். இரண்டு காலிலும் துணி சுற்றி, தடி ஊன்றி நடக்கிறாராம். அது சின்னக் காயமா அக்கா? தீக்குழியின் நடுவில் தள்ளாடினார், சாராயம் குடித்துவிட்டு இறங்கினார் என்று ஊரே கதைக்கிறதாம். வலைக்கும் அவரைக் கூப்பிடுவதில்லையாம். அத்தான் வருடத்துக்கு ஒருமுறைகூடக் குடிக்கிற மனுசன் இல்லை. விரதத்தில் குடிப்பாரா? அவர் ஏன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை?

இன்னொன்று. நம் வீட்டில் தாச்சி இல்லையா, ஜெமீலாவிடம் ஏன் வாங்கினீர்கள்? அந்த ஒரு வரி எனக்கு நித்திரையைத் தரவில்லை.

ராசம்மா


உடப்பு
02.11.1997

ராசம்மா,

வழக்கை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது கையில் தட்டுப்படும். இனித் தாங்காது.

அனுமதி வந்த அன்று முட்டையில்லாமல்தான் சுட்டுப் பார்த்தேன். சத்தியமாக. மூன்று முறை சுட்டேன். பாகில் போட்டதும் கிழிந்தது. இதைக் கொண்டு சிலாபத்துக்கு ஒரு பஸ், கொழும்புக்கு ஒரு பஸ், நடுவில் சோதனைக்கு நாலு இடத்தில் இறங்கி ஏறுவது. மறியலுக்குப் போகும்போது பிள்ளைக்குக் களியையா நீட்டுவது? உன் கடிதம் வேறு முன்னால் கிடந்தது. ஜெமீலாவிடம் மூன்று முட்டையும் அவளுடைய தாச்சியும் வாங்கினேன். என் தாச்சியில் முட்டை மச்சம் படக்கூடாது என்று அவ்வளவு கவனம் எனக்கு! பின்வளவில் கல் வைத்து மூட்டிச் சுட்டேன், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன். இவர் கோயிலில் இருந்தார். பிள்ளைக்குத்தானே, பிள்ளைக்கு விரதம் இல்லையே என்று நினைத்தேன்.

மறியல் வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைச் சோதிக்க நேரம் எடுக்கும் என்று, பணியாரம் அடைத்த பிஸ்கட் ரின்னை இவர் வாங்கிக்கொண்டார். நான் இந்தப் பக்கம் கம்பிக்கு அருகில் நின்றேன். காவலாளி ரின்னைத் திறந்து பார்த்தான். "கன்ன" என்றான். தின்று காட்டு என்கிறான். உள்ளே போகும் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் முதலில் தின்று காட்ட வேண்டுமாம். இவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒன்றை எடுத்து முழுவதையும் தின்றார்.

கை விரித்து அளந்தால் நாலு பாகம் தூரம்கூட இல்லை. நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாயை மூடிக்கொண்டேன். முட்டை என்று சொன்னால் இவர் தின்ன மாட்டார். தின்னாவிட்டால் ரின் உள்ளே போகாது. பிள்ளையின் முகத்தை நினைத்தேன், இவருடைய விரதத்தை விற்றுவிட்டேன்.

பிறகு சொல்லியிருக்கலாம். நாலு நாள் இருந்தது. காப்பைக் கழற்றிவிட்டு அடுத்த ஆடிக்குச் செய்திருப்பார். பஸ்ஸில் சொல்வோம் என்று இருந்தேன், வீட்டில் சொல்வோம் என்று இருந்தேன். அவர் இறங்கும்போது நானும் கூட்டத்தோடு நின்று அரோகரா சொன்னேன், ராசம்மா. நடுவில் தடுமாறினார். உள்ளங்கால் இரண்டும் தோல் உரிந்து போயிற்று. குடித்தார் என்கிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் அந்த மனுசன் யோசித்து யோசித்துச் சாகிறார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கும் தள்ளிப்போயிற்று. அம்மன் பதில் சொல்லிவிட்டாள்.

அந்தத் தாச்சி பின்வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. தொடப் பயம். ஜெமீலாவிடம் துரு ஏறிவிட்டது, தேய்த்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இதைக் கிழித்துவிடு.

அக்கா


மனாமா
25.11.1997

என் அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். அழுதுகொண்டு கிழித்ததை மேடம் கண்டுவிட்டு யார் செத்தது என்று கேட்டாள்.

இதில் உங்கள் பிழை ஏது? கொழும்புக்குக் கூப்பிட்டவள் நான். கூட ஒரு முட்டை போடுங்கள் என்று எழுதியவளும் நான்தான். நீங்கள் விரதத்தைப் பற்றி எழுதியிருந்தும், உடப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆடி மாதம் வருகிறது என்று நினைவு வரவில்லை. நான் கும்பிடுகிற திக்கில்கூட அம்மன் இருக்கிறாளோ தெரியாது.

அத்தானுக்கு மட்டும் முட்டையைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள். காலில் பட்டது ஆறும். பெண்சாதியே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது ஆறாது. அவர் தெரியாமலே இருக்கட்டும். பாவம் என் பங்குக்கே சேரட்டும், நான் தூரத்தில் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ராசம்மா


உடப்பு
19.12.1997

ராசம்மா பிள்ளைக்கு,

அத்தான் முத்துலிங்கம் எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடைசிக் கடிதம் என் கையில்தான் கிடைத்தது. அக்கா லோயரைப் பார்க்கச் சிலாபத்துக்குப் போயிருந்தாள். தவத்தின் விஷயம் ஏதும் இருக்குமோ என்று பிரித்தேன். வாசித்துவிட்டுச் சோற்றுப் பசையால் ஒட்டி அவளிடம் கொடுத்தேன். அவள் கவனிக்கவில்லை. இந்நாட்களில் அவள் எதையும் கவனிப்பதில்லை.

எனக்கு முட்டை தெரியும், பிள்ளை. அன்று கோயிலால் வரும்போது காகம் ஒன்று முட்டைக்கோதைக் கொத்திக்கொண்டு வேலியில் இருந்தது. பின்வளவுக்குப் போனேன். ஜெமீலாவின் தாச்சி கவிழ்த்தபடி கிடந்தது, மிச்சக் கோதும் கிடந்தது. ஊர்க் கண்ணில் படக்கூடாது என்று பொறுக்கிப் புதைத்தது நான்தான். அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றாள். கேட்க மனம் வரவில்லை. பிள்ளைக்குத்தானே செய்திருக்கிறாள்.

வாசலில் அவன் தின்னச் சொன்னபோதும் எனக்குத் தெரியும். யோசித்துக்கொண்டு நின்றால் ரின்னைத் திருப்பிவிடுவான். எனக்கு முன்னால் நின்ற ஆளுக்கு அப்படித்தான் செய்தான். அக்கா கம்பிக்கு அங்கால் நின்று என்னைப் பார்த்த பார்வையைக் கண்டேன். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று பயந்துதான் அவசரமாகத் தின்றேன்.

காப்பைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டால் முட்டை வரும், முட்டை வந்தால் அவளுடைய பெயர் வரும். அதனால் இறங்கினேன். அப்போதும் எனக்குக் கால் சுடவில்லை. பாதி தூரம் ஒன்றும் இல்லை. நடுவில்தான் நின்றேன். தடுமாறவில்லை, நான் நின்றேன். நின்று அம்மனிடம் சொன்னேன்: "முட்டை நான் தெரிஞ்சுதான் திண்டனான். அவளைத் தொடாதை. பிள்ளையையும் தொடாதை." சொல்லி முடிய நேரம் எடுத்தது. நெருப்பில் நின்றால் யாருக்கும் சுடுந்தானே.

குடித்தேன் என்று ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் வீட்டுக்குள் நான் தலையைக் குனிந்துகொண்டு திரிவது அவளை முகம் பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்றுதான். அது அவளை இப்படி அரிக்கிறது என்று உன் கடிதத்தைக் கண்டுதான் அறிந்தேன். நானும் பிழை செய்துவிட்டேன். இனி நான் போய்த் தெரியும் என்று சொன்னால், நான் மன்னித்தது போல ஆகிவிடும். மன்னிக்க அதில் என்ன இருக்கிறது? அவளாகச் சொல்ல வழியிருந்தால் நல்லது. உனக்கு ஏதும் தோன்றினால் செய். நெருப்பில் நின்றதை மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு
மு.


மனாமா
12.01.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்காலும் பரவாயில்லை, மேடம் தடி வைத்த துடைப்பம் வாங்கித் தந்துவிட்டாள்.

இங்கே மறுபடியும் நோன்பு. மறுபடியும் மால்புவா. அக்கா, நான் ஒன்று கேட்பேன், ஏன் என்று கேட்கக்கூடாது. அந்தத் தாச்சியை எடுத்துத் தேய்த்து, அதிலேயே மால்புவா சுட்டு, அடுத்த முறை தவத்தைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள். முட்டை போட்டே சுடுங்கள், இப்போது விரதம் இல்லை. ரின்னை அத்தான் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அத்தானுக்குச் சொல்லாதீர்கள் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனம் சொன்னபடி செய்யுங்கள்.

ராசம்மா


உடப்பு
24.02.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

தாச்சியைத் தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டு அரை நாள் தேய்த்தேன். உன் அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். சுட்டு முடித்துவிட்டு இரண்டு பணியாரத்தோடு தாச்சியை ஜெமீலாவிடம் கொடுத்தேன். "என்ன செல்லாச்சி அக்கா, ஆறு மாசமா ஹஜ்ஜுக்கா போயிட்டு வந்திச்சு இந்தத் தாச்சி?" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு நான் சிரித்தேன்.

மறியலில் அன்று சனம் குறைவு. ஆணும் பெண்ணும் ஒரே வரிசை. இவர் ரின்னோடு முன்னால், நான் பின்னால். அதே காவலாளி இல்லை, வேறொருவன். மூடியைத் திறந்துவிட்டு "கன்ன" என்றான். இவர் கையை நீட்டினார்.

இன்றைக்கு விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை, பேசாமல் இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அன்று மூடிய வாய் அப்படியே மூடிக் கிடந்தது போலிருந்தது. இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, அதிலை முட்டை இருக்கு."

"தெரியும்" என்றார்.

"அண்டைக்கும் இருந்தது."

"அண்டைக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு அதை இரண்டாகப் பிய்த்து, பாதியை என் கையில் வைத்தார். காவலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அழுது அழுது தின்றேன், மூக்காலும் கண்ணாலும் வடிய. அங்கால் கம்பிக்குப் பின்னால் வந்து நின்ற தவம், "எனக்கும் கொஞ்சம் மிச்சம் விடுங்கோ" என்று கத்தினான். அவன் நல்லாக இருக்கிறான். பங்குனியில் வழக்கு. இந்த முறை விட்டாலும் விடுவார்கள் என்கிறார் லோயர். பார்ப்போம்.

திரும்பும்போது பஸ்ஸில், எப்படித் தெரியும் என்று கேட்டேன். காகம் சொன்னது என்றார். சொல்லிவிட்டு ஜன்னலால் தென்னைகளை எண்ணத் தொடங்கிவிட்டார். நீ ஏன் அப்படிக் கடிதம் எழுதினாய் என்று நானும் கேட்கப்போவதில்லை.

வருகிற ஆடிக்கும் அவர் காப்புக் கட்டப்போகிறாராம். நானும் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கால் இப்போதுதானே ஆறியிருக்கிறது, திரும்பவும் சுட்டுவிடாதா என்று கேட்டேன். "இந்த முறை நடுவிலை நிக்க மாட்டன்" என்றார்.

அவர் தடுமாறியதை அல்லவா நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நின்றேன் என்று ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு ஏதும் விளங்குகிறதா?

அக்கா
செல்லாச்சி